ஆச்சியோட பால் ஜக் அடியில சிங்கமும் நங்கூரமும்: அது வெள்ளியா, எந்தக் காலத்துது?

தங்கச்சி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஆச்சி காலமானதுக்கப்புறம் பீரோவுல ஒரு சின்ன பால் ஜக் கிடைச்சிருக்கு, அடியில அஞ்சு குட்டிக் குட்டி முத்திரை இருக்கு, ஒரு நங்கூரம், நடந்து போற மாதிரி ஒரு சிங்கம், இங்கிலீஷ் ஜி எழுத்து, ஒரு பொம்பளத் தலை, பொறவு ரெண்டு எழுத்து இருக்க ஒரு சின்னக் கட்டம். பாளையங்கோட்டையில ஒரு கடையில காட்டினதுக்கு "நம்ம ஊர் ஹால்மார்க் இல்ல, 925-ன்னு நம்பரும் இல்ல, ஜெர்மன் சில்வரா இருக்கும், வேணும்னா ஏதோ ஒரு ரேட்டுக்கு எடுத்துக்கிடுதோம்"னு சொல்லிட்டாங்க. இது நிஜ வெள்ளியா, எவ்ளோ பழசுன்னு கேட்ருக்கீங்க. மேலுக்கு கேள்வி அதான். ஆனா கடைசி வரியில "அம்மாவுக்கு அத கடையில குடுக்க மனசே இல்ல"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, இத உருக்குறதுக்கு விடலாமா கூடாதாங்கிறதுதான் நீங்க நிஜமா கேக்குற கேள்வின்னு எனக்குப் படுது. மொதல்லயே சொல்லிருதேன், விடாதீங்க. ஏன்னு சொல்லுதேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் யாருன்னு சொல்லிட்டா எம் பேச்ச எவ்ளோ தூரம் நம்பலாம்னு உங்களுக்குத் தெரியும். எங்கப்பாவுக்கு திருநெல்வேலி டவுன்ல வெள்ளிப் பட்டறை, ரத வீதிய ஒட்டின ஒரு சந்துக்குள்ள. கொலுசு, அரைஞாண், பாலாடை, குங்குமச் சிமிழ், சந்தனப் பேலா இதுதான் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உலை ஊதுறது எம் பங்கு. பொறவு சென்னையில மாத்துப் பாக்குற, அதாவது வெள்ளி தங்கத்தோட தரத்தச் சோதிக்கிற ஒரு லேப்ல சேந்து 25 வருசம் அதே பொழப்பாப் போச்சு, அங்கனதான் பழைய இங்கிலீஷ் வெள்ளிச் சாமானெல்லாம் கைக்கு வர ஆரம்பிச்சு முத்திரை படிக்கக் கத்துக்கிட்டேன். இங்கிலீஷ் முத்திரை நல்லாவே தெரியும், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா சாமான் அந்த அளவுக்கு என் கையில வந்ததில்ல. இன்னொன்னு, உங்க ஜக்க நான் கையில வாங்கிப் பாக்கல, நீங்க போட்ட ரெண்டு போட்டோதான், அதுலயும் ஒண்ணு கலங்கலா இருக்கு. அதனால எது உறுதி எது அனுமானம்னு பிரிச்சே சொல்லுதேன்.

மொத உறுதி, சிங்கம். எடது பக்கம் பாத்து ஒரு முன்னங்காலத் தூக்கிக்கிட்டு நடக்குற சிங்கம்னா அது இங்கிலாந்தோட வெள்ளி முத்திரை. 1000 பங்குல 925 பங்கு வெள்ளி, மிச்சம் 75 பெரும்பாலும் செம்பு, ஸ்டெர்லிங்னு சொல்றது அதத்தான். 1544-ல இருந்து இந்தச் சிங்கத்த அடிச்சிட்டு வாராங்க. கடைக்காரர் நம்பர் இல்லன்னு சொன்னாருல்லா, அந்தக் காலத்துல அங்க நம்பர் அடிக்கிற வழக்கமே கெடையாது, சிங்கந்தான் நம்பர். நம்பர் கட்டாயம்னு வந்தது 1999-லதான். சொல்லப்போனா இந்தப் பொம்பளத் தலை இருக்க ஜக்குல 925-ங்கிற நம்பரும் சேந்து இருந்திருந்தாத்தான் எனக்கு சந்தேகம் வந்திருக்கும்.

நங்கூரம் இருக்கே, கப்பல்ல இருந்து வந்த சாமானான்னு கேட்டிருந்தீங்க. அது கப்பலச் சொல்லல, பர்மிங்காம் ஊரச் சொல்லுது. பர்மிங்காம் கடலே இல்லாத உள்நாட்டு ஊர். 1773 வரைக்கும் அங்க சோதனை ஆபீஸ் கெடையாது, செஞ்ச சாமான வண்டியில ஏத்தி செஸ்டருக்கோ லண்டனுக்கோ அனுப்பி முத்திரை வாங்கி வரணும், வழியில நசுங்கும், நாள் போகும், செலவு ஆகும். மேத்யூ போல்டன்னு ஒருத்தர், ஜேம்ஸ் வாட்டோட கூட்டாளியா நீராவி எஞ்சின் செஞ்சாரே அவரேதான், அவரு பார்லிமெண்ட்ல மல்லுக்கட்டி சட்டம் வாங்கினாரு, அந்தச் சட்டத்துலயே ஷெஃபீல்டுக்கும் ஆபீஸ் கிடைச்சுது. பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு கிரீடம். அவங்க லண்டன்ல போய்க் கூடிப் பேசின சாவடிக்கு "கிரீடமும் நங்கூரமும்"னு பேரு, அதுல ஆளுக்கொண்ணா எடுத்துக்கிட்டாங்கன்னு ஒரு கதை உண்டு. கேக்க நல்லா இருக்கு, நானே பல பேருக்கு சொல்லிருக்கேன், ஆனா அதக் கதைன்னு மட்டும் வச்சிக்கிடுங்க. நங்கூரம் பர்மிங்காம்ங்கிறதுல மட்டும் துளி சந்தேகம் வேண்டாம். மத்த ஊருக்கெல்லாம் வேற வேற அடையாளம், லண்டனுக்கு சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்கு கோட்டை, செஸ்டருக்கு மூணு கோதுமைக் கட்டும் ஒரு வாளும், டப்ளினுக்கு கிரீடம் வச்ச யாழ்.

அடுத்து பொம்பளத் தலை. நீங்க அம்மன் தலையோன்னு நினைச்சிருக்கீங்க, அது விக்டோரியா ராணி. இது மாத்து முத்திரை இல்ல, வரி கட்டின முத்திரை. 1784-ல இருந்து 1890 வரைக்கும் வெள்ளிச் சாமானுக்கு அரசாங்கம் வரி வாங்குச்சு, வரி கட்டியாச்சுன்னா யாரு ஆளுறாங்களோ அவங்க தலைய அடிப்பாங்க. 1890-ல வரிய எடுத்துட்டாங்க, தலையும் போச்சு. விக்டோரியா எடது பக்கம் பாத்திருப்பா, அவளுக்கு முன்னால இருந்த நாலாம் ஜார்ஜும் நாலாம் வில்லியமும் வலது பக்கம் பாத்திருப்பாங்க. உங்க போட்டோவுல தலை எடது பக்கம் பாக்குறது தெளிவாவே தெரியுது, கொண்டை கூட தெரியுது. அதனால ஜக் 1838-க்கும் 1890-க்கும் நடுவுல செஞ்சது. இது வரைக்கும் நான் சொன்னதுல அனுமானம் ஒண்ணும் இல்ல.

சிக்கல் அந்த ஜி எழுத்துலதான். அது யாரு பேரோட இனிஷியலும் இல்ல, வருசம். ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு எழுத்து, ஏ, பி, சின்னு ஓடும், முடிஞ்சதும் எழுத்தோட வடிவத்தையும் அதச் சுத்தி இருக்க கட்டத்தோட வடிவத்தையும் மாத்திட்டு திரும்ப ஏ-ல இருந்து ஆரம்பிப்பாங்க. நம்ம பஞ்சாங்கத்துல பிரபவ, விபவன்னு 60 வருசம் சுத்தி வருதுல்லா, அதே மாதிரிதான், "அட்சய வருசம்"னு மட்டும் ஒருத்தர் எழுதி வச்சா அது எந்தச் சுத்துல வந்த அட்சயன்னு வேற ஏதாவது ஒண்ண வச்சுத்தான் சொல்ல முடியும். லண்டன்ல சுத்துக்கு 20 எழுத்து, பர்மிங்காம்ல ஏறக்குறைய எல்லா எழுத்தும் வரும். பர்மிங்காம்ல ஒரு சுத்து 1849-ல ஆரம்பிச்சுது, அது நேரா நிக்கிற பெரிய எழுத்து, அதுல ஜின்னா 1855. அடுத்த சுத்து 1875-ல, அது கொம்பு கொம்பா வளைஞ்ச சின்ன எழுத்து, நம்ம பக்கம் பழைய சர்ச்சுகள்ல கல்லுல வெட்டிருப்பாங்களே அந்த மாதிரி, அதுல ஜின்னா 1881. ரெண்டுமே விக்டோரியா காலந்தான், அதனால தலைய வச்சு பிரிக்க முடியாது, எழுத்தோட வடிவம் ஒண்ணுதான் வழி. பர்மிங்காம்ல ஜூலை மாசம்தான் எழுத்த மாத்துவாங்க, ஆகையால 1881-ன்னா 1881 ஜூலையில இருந்து 1882 ஜூன் வரைக்கும்னு எடுத்துக்கணும். உங்க போட்டோவுல எழுத்துக்குக் கீழ ஒரு வால் சுழிஞ்ச மாதிரி இருக்கு, அதனால 1881 பக்கம் சாயுதேன், ஆனா அது வெளிச்சம் பட்டு வந்த நிழலாவும் இருக்கலாம், சத்தியம் பண்ண மாட்டேன்.

கடைசிக் கட்டத்துல இருக்க ரெண்டு எழுத்து செஞ்சவரோட அடையாளம். செஞ்சவர்னா கையால சுத்தி புடிச்சவருன்னு அர்த்தம் இல்ல, யாரு பேருல சோதனை ஆபீசுக்குப் போச்சோ அவரு, முதலாளியா இருக்கலாம், கம்பெனியா இருக்கலாம். பர்மிங்காம்ல ஒரே காலத்துல நூத்துக்கணக்கான பட்டறை, ஒரே இனிஷியல் நாலு பேருக்கு இருக்கும், கட்டத்தோட ஓரம் சதுரமா வளைவான்னு பாத்துத்தான் பிரிக்கணும். கலங்கலா இருக்க போட்டோவ வச்சு நான் ஒரு பேரச் சொன்னா அது ஜோசியம் ஆயிரும்.

இவ்ளோ முத்திரை எதுக்குன்னு கேக்கலாம். சுத்த வெள்ளி ரொம்ப மெத்துன்னு இருக்கும், செம்பு சேத்தாத்தான் பாத்திரம் நிக்கும். செம்பு எவ்ளோன்னு கண்ணுக்குத் தெரியாது, பாதிக்குப் பாதி சேத்தாக்கூட புளி போட்டு வெளுத்துட்டா மேல வெள்ளி மாதிரியே பளபளக்கும், இத பட்டறையில கண்ணால பாத்து வளந்தவன் நான். வாங்குறவனுக்கு சோதிச்சுப் பாக்க வழியில்ல, ஏமாத்துறவனுக்கு அதுதான் வசதி. 1300-ல மொதலாம் எட்வர்ட் ராஜா சட்டம் போட்டாரு, வெள்ளிச் சாமான் ஸ்டெர்லிங் காசோட மாத்துக்குக் கீழ இருக்கப்படாது, சோதிச்சு சிறுத்தைத் தலை அடிச்சாத்தான் விக்கலாம்னு. 1363-ல செஞ்சவனும் அவன் அடையாளத்த அடிக்கணும்னு வந்துச்சு. 1478-ல இருந்து லண்டன்ல பொற்கொல்லர் சங்கத்தோட மண்டபத்துக்கே சாமான கொண்டு வரணும்னு ஆக்கிட்டாங்க, இங்கிலீஷ்ல மண்டபம்னா ஹால், அங்க அடிக்கிற முத்திரைங்கிறதாலதான் ஹால்மார்க். வருச எழுத்தும் அப்பதான் வந்துச்சு, ஆனா அது வாங்குறவனுக்கு வயசு சொல்றதுக்காக வச்சது இல்ல, எந்த வருசம் எந்த அதிகாரி சோதிச்சாருன்னு பொறவு பிடிக்கிறதுக்கு. தப்பான சாமான் வெளிய வந்தா எழுத்தப் பாத்து ஆளக் கேப்பாங்க. 1700-களோட நடுவுல கள்ள முத்திரை அடிச்சா தூக்குன்னே சட்டம் இருந்துச்சு, 1773-லதான் அத நாடு கடத்துறதா கொறச்சாங்க.

நம்ம ஊர்ல இப்படி ஒண்ணும் இல்லையான்னு சின்ன வயசுல அப்பாகிட்ட கேட்டிருக்கேன். உரைகல்லும் மாத்தும் நம்மகிட்ட எப்பவோ இருந்துச்சு. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் குடுத்த நகைகள ஆடவல்லான்ங்கிற கல்லால நிறுத்து எவ்ளோ கழஞ்சுன்னு எழுதிருக்கு, பொன்னோட தரத்த தண்டவாணிங்கிற கணக்கு வச்சு எழுதிருக்கு. 1000 வருசம் முன்னால அந்த அளவுக்கு நுணுக்கம். ஆனா ஒரு வித்தியாசம் கவனிச்சீங்களா, நாம மாத்த சுவத்துல எழுதினோம், அவங்க சாமான்லயே அடிச்சாங்க. கோயில விட்டு நகை வெளிய போச்சுன்னா அதோட மாத்து என்னன்னு நகைய வச்சு சொல்ல முடியாது. வீட்டுச் சாமானுக்கு அந்தச் சுவரும் இல்ல, ஆசாரி சொன்ன வார்த்தைதான் முத்திரை. எங்கப்பா நாணயமானவுக, அதனால எங்க பட்டறைச் சாமான் மாத்து நிக்கும், ஆனா அவுக போனதுக்கப்புறம் அந்தச் சாமான கையில எடுக்குற ஒருத்தருக்கு அது எப்படித் தெரியும்? இத நினைக்கும்போது இன்னைக்கும் எனக்கு வருத்தமா இருக்கும். இந்தியாவுல தங்கத்துக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தரநிர்ணய அமைப்போட ஹால்மார்க் 2000-ல வந்துச்சு, வெள்ளிக்கு 2005-ல. தங்கத்துக்கு 2021 ஜூன்ல இருந்து படிப்படியா கட்டாயம் ஆக்கினாங்க, வெள்ளிக்கு விருப்பம் இருந்தா அடிக்கலாம்ங்கிற ஏற்பாடு. கடையில உங்ககிட்ட "நம்ம ஹால்மார்க் இல்ல"ன்னு சொன்னது உண்மைதான், விக்டோரியா காலத்து ஜக்குல 2005 முத்திரை எப்படி இருக்கும். அவரு வேணும்னே ஏமாத்தினாருன்னு நான் சொல்ல மாட்டேன், இந்த முத்திரைய அவருக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.

எனக்கும் சொல்லிக் குடுக்க ஆள் இல்லாத காலம் ஒண்ணு இருந்துச்சு. 1980-கள்ல, எனக்கு 14 வயசு இருக்கும், அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் பழைய வேட்டியில சுத்தி ஆறு பெரிய கரண்டி கொண்டு வந்தாரு, பொண்ணுக்கு கல்யாணம், உருக்கி கொலுசும் குத்துவிளக்கும் செய்யணும். அப்பா உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்துட்டு "சிங்க வெள்ளி, மாத்துக்கு பயமில்ல"ன்னாவ. சிங்கம் போட்ட சாமான் எப்பவும் ஒரே மாத்துல நிக்கும்ங்கிறது அவுகளுக்கு அனுபவத்துல தெரியும், மத்த முத்திரையெல்லாம் என்னன்னு தெரியாது. நான்தான் உலை ஊதினேன். உருக்குற மூசையில போடுறதுக்கு முன்னால ஒரு கரண்டிய எடுத்துப் பாத்தேன், சிங்கத்துக்குப் பக்கத்துல பூனை மாதிரி ஒரு தலை, தலையில கிரீடம். அழகா இருக்கேன்னு நினைச்சிட்டு போட்டுட்டேன். 12 வருசம் கழிச்சு சென்னையில ஒரு முத்திரை அட்டவணையில அதே தலையப் பாத்தேன், லண்டன் சிறுத்தை. 1821-க்கு அப்புறம் அதுக்கு கிரீடம் கெடையாது. அப்போ அந்தக் கரண்டியெல்லாம் 1821-க்கு முந்தினது, நான் ஊதும்போதே 160 வருசத்துக்கு மேல. வருச எழுத்து என்னன்னு எவ்ளோ யோசிச்சும் ஞாபகத்துக்கு வரல. அந்தப் பெரியவருக்கு கொலுசு செஞ்சு குடுத்தது தப்புன்னு சொல்ல மாட்டேன், பொண்ணு கல்யாணம் பெருசு. ஆனா அது என்னன்னு தெரிஞ்சே அவரு முடிவு எடுத்திருக்கணும், அத சொல்ல எங்களுக்குத் தெரியல. உங்க கேள்விக்கு இவ்ளோ நீளமா எழுதுறதுக்கு அதுதான் காரணம்.

இப்போ மறுபக்கத்தையும் சொல்லணும், ஏன்னா இதப் படிச்சிட்டு வேற யாராவது வீட்டுல இருக்க எல்லாத்தையும் இங்கிலீஷ் வெள்ளின்னு நினைச்சிரக் கூடாது. 1840-ல எல்கிங்டன் கம்பெனி மின்சாரத்த வச்சு முலாம் பூச பேட்டண்ட் வாங்கினாங்க, அதுக்கப்புறம் ஜெர்மன் சில்வர் மேல மெல்லிசா வெள்ளி பூசின சாமான் மலை மலையா வந்துச்சு. ஜெர்மன் சில்வர்ல பேருதான் சில்வர், உள்ள செம்பு, நிக்கல், துத்தநாகம், பொட்டு வெள்ளி கெடையாது. அதுல ஈ, பி, என், எஸ்னு நாலு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துல, பாத்தா ஹால்மார்க் மாதிரியே தெரியிற விதமா அடிப்பாங்க. ஏ1-ன்னு ஒண்ணு இருந்தாலும் அது முலாம் தரம்தான். நம்ம பக்கம் மிஷன் பங்களாக்கள்லயும் பழைய வீடுகள்லயும் இருந்து வர்ற டீ செட்டுல எங்கைக்கு வந்த வரைக்கும் பாதிக்கு மேல இதுதான். சுலபமா ஞாபகம் வச்சிக்க ஒண்ணு, இங்கிலாந்து சாமான்ல சோதனை ஆபீஸ் அடிச்ச நடக்குற சிங்கம் இருந்தா வெள்ளி, எழுத்து எழுத்தா மட்டும் இருந்து சிங்கம் இல்லன்னா பெரும்பாலும் முலாம்.

பெரும்பாலும்னு ஏன் சொல்லுதேன்னா, இந்தியாவுல செஞ்ச வெள்ளிக்கு இந்தக் கணக்கு செல்லாது. வெள்ளக்காரன் காலத்துல இங்க சோதனை ஆபீஸ் ஒண்ணும் வைக்கல. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டுல பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவுல ஹாமில்டன் இவங்கல்லாம் நல்ல வெள்ளியிலயே செஞ்சாங்க, ஆனா அடிச்சது அவங்க பேர மட்டும், இல்லன்னா அவங்களா வச்சிக்கிட்ட ஒரு அடையாளம், ஹாமில்டன் சாமான்ல யானை இருக்கும். மெட்ராஸ்ல சாமி உருவங்கள வரிசையா தட்டி எடுத்த டீ செட், ட்ரே எல்லாம் செஞ்சாங்க, சுவாமி சில்வர்னு வெளிநாட்டுல அதுக்கு தனி மதிப்பு. டச்சு சாமானும் அபூர்வமா வரும், தூத்துக்குடி 1825 வரைக்கும் அவங்க கையிலதான இருந்துச்சு, அவங்க 1814-க்கு அப்புறம் சின்னச் சாமானுக்கு ஒரு குட்டி வாள் அடிச்சாங்க, அதுக்கு மாத்து 833. இதெல்லாம் போக நம்ம ஆசாரிகள் செஞ்ச கும்பா, சொம்பு, பன்னீர்ச் செம்புல முத்திரையே இருக்காது, அதனால அது மட்டம்னு ஆயிராது.

அதுல ஒரு விசயம் சொல்லுதேன். பழைய வீடுகள்ல "இந்தச் சொம்பு 50 ரூவா எடை"ன்னு சொல்லுவாவ, கேட்டிருப்பீங்க. அது விலை இல்ல, நிறை. 1835-ல இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அடிச்ச வெள்ளி ரூவா 11.66 கிராம், அதுல 12-ல 11 பங்கு வெள்ளி, அதாவது 91.7 சதவீதம். அதான் ஒரு தோலா. வீட்டுல ரூவாயக் குடுத்து ஆசாரிகிட்ட சாமானா செய்யச் சொல்லுவாவ, 50 ரூவா குடுத்தா 50 ரூவா எடைக்கு சொம்பு வரணும், கண்ணு முன்னாலயே நிறுத்து வாங்கிக்கிடுவாவ. அதனால முத்திரை இல்லாத நாட்டுச் சாமான் பலதும் லேப்ல 90-ஐ ஒட்டி வரும், பத்தவச்ச இடத்துல மட்டும் கொஞ்சம் இறங்கும். 1940-ல ரூவாயில வெள்ளிய பாதியா கொறச்சிட்டாங்க, அதுக்கப்புறம் அந்த ரூவாய உருக்கிச் செஞ்சதுல மாத்து விழும். காச உருக்கிச் சாமான் செய்றது அங்கயும் நடந்ததுதான். இங்கிலாந்துல நாணயத்த ஓரம் வெட்டி உருக்கிப் பாத்திரம் பண்ணிட்டே இருந்ததால 1697-ல பாத்திரத்துக்கு மாத்த 958-க்கு ஏத்திட்டாங்க, காச உருக்கினா கட்டுபடியாகக் கூடாதுன்னு. 1720-ல திரும்ப 925-ஐ அனுமதிச்சாங்க.

உங்க ஜக்குக்கு வாரேன். முத்திரை படி அது ஸ்டெர்லிங். கள்ள முத்திரையா இருக்க வாய்ப்பு உண்டாண்ணா, கொள்ள விலை போற பெரிய சாமான்ல அது நடந்திருக்கு, சின்ன சாமான்ல இருக்க முத்திரைய வெட்டி எடுத்து பெரிய பாத்திரத்து அடியில பத்தவச்சிருவாங்க. அதக் கண்டுபிடிக்க, முத்திரை இருக்க இடத்துல வாயால ஆவி ஊதிப் பாருங்க, சுத்தி வட்டமா ஒரு கோடு தெரிஞ்சா பத்தவச்சது. சாதாரண பால் ஜக்குக்கு யாரும் அந்தப் பாடு பட மாட்டாங்க, ஆனாலும் ஊதிப் பாத்துருங்க. மெஷின்ல பாக்கணும்னா எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ்ரே அடிச்சு என்னென்ன உலோகம்னு காட்டுற மெஷின் இருக்க ஹால்மார்க் சென்டர்ல குடுங்க, உரசவோ வெட்டவோ விடாதீங்க. அந்த மெஷின் மேல் தோல மட்டுந்தான் படிக்கும், அதனால மினுங்குற இடத்துல வைக்காம கைப்பிடி, மூக்கோரம், அடிவிளிம்புன்னு தேஞ்ச இடமாப் பாத்து வைக்கச் சொல்லுங்க. நிக்கலும் துத்தநாகமும் காட்டிச்சுன்னா முலாம், நான் சொன்னது தப்பு. வெள்ளியும் செம்பும் மட்டும் காட்டினா சரி. 92.5-க்கு பதிலா ஒண்ணு ரெண்டு கூடக் காட்டினா பயப்படாதீங்க, பழைய பட்டறையில காய்ச்சி திராவகத்துல போடும்போது மேல இருக்க செம்பு அரிச்சுப் போயிரும், தோல் மட்டும் மாத்து ஏறி இருக்கும். காந்தம் வச்சுப் பாக்குறது உபயோகம் இல்ல, வெள்ளியும் ஒட்டாது ஜெர்மன் சில்வரும் ஒட்டாது.

முத்திரைக்குப் பக்கத்துல புள்ளி புள்ளியா தமிழ்ல ரெண்டு எழுத்து வெட்டிருக்குன்னு சொன்னீங்க, அத அழிச்சா விலை கூடுமான்னும் கேட்ருக்கீங்க. தயவுசெஞ்சு தொடாதீங்க. அது நம்ம ஊர் பாத்திரக்கடையில உளி வச்சு பேர் வெட்டுறது, உங்க பூட்டனார் பேரோட மொத எழுத்துன்னு நீங்களே சொல்லுதீங்க, அவருக்கு கொழும்புல கடை இருந்துச்சுன்னும் சொல்லுதீங்க. தூத்துக்குடியில இருந்து கொழும்புக்கு கப்பல் ஏறிப் போய் வியாபாரம் பண்ணினவங்க நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு, அங்க இருந்த இங்கிலீஷ்காரங்க ஊருக்குத் திரும்பும்போது வித்த சாமான நம்மாளுங்க வாங்கிட்டு வர்றது சகஜம். உங்க ஜக்கும் அப்படி வந்திருக்கலாம்னு நினைக்கேன், இது முழுக்க என் ஊகம். வீட்டுல வயசானவங்க யாராவது இருந்தா இப்பவே கேட்டு எழுதி வச்சிருங்க. முத்திரை செஞ்ச ஊரையும் வருசத்தையும் சொல்லும், யாரு வீட்டுல இருந்துச்சுன்னு சொல்லாது, அத அந்த ரெண்டு தமிழ் எழுத்துதான் சொல்லுது.

விலை பத்தி பெரிய நினைப்பு வேண்டாம். விக்டோரியா காலத்து பர்மிங்காம் பால் ஜக் நிறையவே செஞ்சாங்க, இன்னைக்கும் நிறைய கிடைக்குது, பேர் போன பட்டறையா இருந்தா ஒழிய எடை விலைக்கு மேல கொஞ்சம் கூடக் கிடைக்கும், அவ்ளோதான். தம்பி துபாய்க்கு கொண்டு போகவான்னு கேக்கான்னு எழுதிருந்தீங்க. 100 வருசத்துக்கு மேல ஆன கைவினைப் பொருள் 1972 பழம்பொருள் சட்டத்துக்குள்ள வரும், அனுமதி இல்லாம நாட்டுக்கு வெளிய கொண்டு போகக் கூடாது. இங்கிலாந்து சாமான்தானன்னு நினைச்சு பெட்டியில போட்டு அனுப்பிராதீங்க, தொல்லியல் துறையில மொதல்ல கேட்டுக்கிடுங்க.

கழுவுறது பத்தி ஒண்ணே ஒண்ணு. நம்ம வீடுகள்ல வெள்ளிய விபூதி வச்சு தேய்ப்பாவ, புளியும் சாம்பலும் போட்டு தேய்ப்பாவ, பல்பொடி வேற. ஒவ்வொரு தேய்ப்புக்கும் முத்திரை ஒரு மயிரிழை தேயும், 100 வருசத்துல சிங்கம் வெறும் மேடாப் போயிரும், அப்படி முகம் அழிஞ்ச சாமான் எத்தனையோ பாத்திருக்கேன். சோப்புத் தண்ணி, பருத்தித் துணி, அவ்ளோ போதும். கறுப்பு கொஞ்சம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், முத்திரைப் பள்ளத்துல இருக்க அந்தக் கறுப்பு இருந்தாத்தான் எழுத்தே படிக்க முடியும்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்க. ஜக்க கவுத்து வச்சு, லைட்ட மேல இருந்து அடிக்காம பக்கவாட்டுல தாழ்வா வச்சு, அந்த ஜி எழுத்தையும் ரெண்டெழுத்துக் கட்டத்தையும் மட்டும் கிட்டப் போய் போட்டோ எடுங்க. போட்டோவுல சரியா விழலன்னா முத்திரைய மெழுகுவத்திப் புகையில லேசா காட்டி, ஆறினதும் அது மேல செல்லோடேப்ப அழுத்தி ஒட்டி எடுத்து வெள்ளத் தாளுல ஒட்டுங்க, அச்சு அப்படியே வரும், பொறவு கரிய ஈரத்துணியில தொடச்சிரலாம். அந்தத் தாள இங்கயே போடுங்க. எழுத்து நேரா நிக்குதா வளைஞ்சு கொம்பு வச்சிருக்கான்னு தெரிஞ்சா போதும், 1855-ஆ 1881-ஆன்னு அன்னைக்கே சொல்லிருதேன்.